பயாஸ் புதுப்பித்ததும் ரெய்டு காணாமல் போனதா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். இசட்690 சிப்செட் மதர்போர்டு, அதில் 13ஆம் தலைமுறை ஐ7 செயலி. விண்டோஸ் 11 ஒரு எம்.2 எஸ்எஸ்டியில் இருக்கிறது. கல்யாணப் புகைப்படங்கள் முழுவதும் இரண்டு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளில், இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் என்ற வசதி வழியாக ரெய்டு 1 ஆக, அதாவது இரண்டும் ஒரே தொகுப்பாகி, ஒன்றின் நகல் மற்றொன்றில் என்ற முறையில் இருக்கின்றன. புதிய பயாஸை, அதாவது கணினியை எழுப்பும் மதர்போர்டு மென்பொருளை, ஏற்றினீர்கள். அது தடையில்லாமல் முடிந்தது. அடுத்த முறை விண்டோஸ் எழும்போதே நீலத்திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தது. நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு பயாஸில் 'விஎம்டி' என்ற பகுதியில் இருந்ததையெல்லாம் இயக்கிவிட்டு, விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைச் செருகிப் பார்த்தால் ஒரு டிஸ்க் கூடக் காணோம். கடைக்காரர் ஃபார்மேட் செய்யச் சொல்கிறார். பயாஸைப் பழைய பதிப்புக்கே இறக்கிவிடலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு, எஸ்எஸ்டியிலிருந்து ஒரு முறை கணினியை இயக்கிப் பாருங்கள். விண்டோஸ் எழுந்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நிறுவும் பென்டிரைவுக்கு டிஸ்க் எதுவும் தெரியவில்லை என்பதை நீங்கள் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தி. உங்கள் நண்பர் சொன்னது சரியாக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

விஎம்டி என்பது வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ். சர்வர்களில் இருந்த இந்த வசதியை 11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் சாதாரணக் கணினிகளின் செயலிக்குள்ளும் வைத்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் பயாஸில் சேட்டா (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) முறையை 'ஏஹெச்சிஐ' (டிஸ்க்குகள் தனித்தனியாக) அல்லது 'ரெய்டு' என்று தேர்ந்தெடுப்போம். 12ஆம் தலைமுறைப் போர்டுகளில் அந்த 'ரெய்டு' என்ற தேர்வே பெரும்பாலும் கிடையாது. ரெய்டு வேண்டுமென்றால் விஎம்டி வழியாகத்தான் போக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரே வாசலும் ஒரே காவலாளியும் இருப்பதுபோல, விஎம்டியை இயக்கியதும் அதன் கீழ் வைக்கப்பட்ட எஸ்எஸ்டிகளும் ஹார்ட் டிஸ்க்குகளும் வெளியே தனித்தனியாகத் தெரியாது. வெளியிலிருந்து பார்க்கும் மென்பொருளுக்கு ஒரே ஒரு சாதனம்தான் தெரியும். அதனுடன் பேசத் தெரிந்த டிரைவர் இருந்தால் உள்ளே உள்ளவை கண்ணில் படும், இல்லாவிட்டால் காலியிடம்தான். நீங்கள் முன்பு நிறுவிய விண்டோஸில் அந்த டிரைவர் இருக்கிறது. பென்டிரைவில் உள்ள நிறுவும் நிரலில் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் அதற்கு எதுவும் தெரியவில்லை. டிஸ்க் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நீலத்திரை வந்ததும் இதே கதையின் மறுபக்கம்தான். பயாஸ் ஏற்றும்போது பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்து, போர்டு தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். கடையில் தனியாக விற்கும் பெரும்பாலான டெஸ்க்டாப் போர்டுகளில் தொழிற்சாலை நிலை என்றால் விஎம்டி அணைக்கப்பட்ட நிலை. மடிக்கணினிகளில் பல நேரம் இது தலைகீழாக இருக்கும். அது வேறு தலைவலி. உங்கள் விண்டோஸ் விஎம்டி வழியாகவே எஸ்எஸ்டியைப் பார்த்துப் பழகியது. தனக்குத் தேவைப்படாத சேமிப்பக டிரைவர்களைத் தொடக்கத்தில் ஏற்ற வேண்டாம் என்று விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளும். விஎம்டி போனதும் எஸ்எஸ்டி, எம்.2 எஸ்எஸ்டிகளுக்கு வழக்கமான என்விஎம்இ முறையில், சாதாரணச் சாதனமாக நிற்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருந்தும், எழும் நேரத்தில் அது ஏறுவதில்லை. தன் சொந்த டிஸ்க்கையே காணாமல் விண்டோஸ் நீலத்திரை காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பழைய ஆட்கள் இதை '7பி பிழை' என்பார்கள். எக்ஸ்பி காலத்திலிருந்து அதே குறியீடுதான்.

ஆக, பயாஸ் புதுப்பிப்பு உங்கள் டிஸ்க்குகளின் பக்கமே போகவில்லை. அது எழுதியது மதர்போர்டில் உள்ள சிறிய எட்டுக்கால் சிப்பில். இந்த மாதிரிச் சம்பவங்களில் தகவல்கள் போவது புதுப்பிப்பால் அல்ல. அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் பதற்றத்தில் அழுத்தும் பொத்தான்களால்.

பென்டிரைவை எடுத்த பிறகும் நேராக பயாஸ் திரைக்கே வந்து நின்றால், பூட் வரிசையைப் பாருங்கள். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரி முதலில் இருக்க வேண்டும். 'சிஎஸ்எம்' என்ற பழைய முறை இயங்கிக்கொண்டிருந்தால் அணையுங்கள். அப்படியும் நீலத்திரைதான் என்றால் விஎம்டி பக்கத்துக்கே திரும்பிப் போங்கள். அங்கே 'எனேபிள் விஎம்டி கன்ட்ரோலர்' என்பதை மட்டும் இயக்கினால் போதாது. அது வாசலைத் திறப்பது மட்டும்தான். எந்தெந்தச் சாதனம் அதன் கீழ் வர வேண்டும் என்று தனித்தனி வரிகள் இருக்கும். 'விஎம்டி குளோபல் மேப்பிங்' என்பதை இயக்கினால் எல்லாம் உள்ளே போய்விடும். இல்லாவிட்டால் எம்.2 இடங்களுக்கு ஒவ்வொன்றாகவும் சேட்டா கன்ட்ரோலருக்குத் தனியாகவும் தேர்வு செய்யலாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்பு கணினியை அமைத்துத் தந்தவர் சேட்டாவை மட்டும் விஎம்டியின் கீழ் வைத்து, எம்.2 எஸ்எஸ்டியை வெளியே விட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் அப்படி இருந்திருந்தால் பயாஸ் புதுப்பித்ததும் நீலத்திரை வந்திருக்காது. விண்டோஸ் எழுந்திருக்கும், புகைப்பட டிஸ்க் மட்டும் குழம்பியிருக்கும். உங்களுக்கு விண்டோஸே எழவில்லை என்பதால் எஸ்எஸ்டியும் உள்ளேதான் இருந்திருக்க வேண்டும். குளோபல் மேப்பிங்கை இயக்குங்கள்.

விண்டோஸ் எழும் வழியில் நீலப் பின்னணியில் வேறொரு திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். அது பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் மறையாக்க வசதி. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் உள்நுழைந்திருந்தால், உங்களுக்குத் தெரியாமலேயே டிஸ்க் மறையாக்கம் நடந்திருக்கலாம். பயாஸ் மாறியதை, அந்தச் சாவியைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி கவனித்துவிட்டுச் சாவியைத் தர மறுக்கிறது. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று கோபப்படவும் முடியாது. கைபேசியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவியைத் தேடுங்கள். திரையில் காட்டும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளும் கணக்கில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு எண்ணைத் தட்டுங்கள். இந்தத் திரைக்குப் பயந்து 'டிபிஎம்மை அழி' என்ற தேர்வைத் தொடாதீர்கள். ஏஎம்டி கணினி வைத்திருப்பவர்களுக்குப் பயாஸ் புதுப்பித்ததும் கறுப்புத் திரையில் 'ஒய் அல்லது என் அழுத்தவும்' என்று ஒரு கேள்வி வரலாம்; எஃப்டிபிஎம்மை, அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்மை, புதிதாக்கவா என்று அது கேட்கிறது. பிட்லாக்கர் சாவி கையில் இல்லாதவர்கள் 'என்' என்பதைத்தான் அழுத்த வேண்டும்.

இனி ஹார்ட் டிஸ்க்குகள். எனக்கு உண்மையான கவலை இவற்றைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இன்டெல் ரெய்டில், இந்த டிஸ்க் எந்தத் தொகுப்பின் உறுப்பு, ரெய்டு 1 ஆ 0 ஆ, எவ்வளவு அளவு என்ற விவரம் எல்லாம் மதர்போர்டில் இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் கடைசிப் பகுதியில், ஏறத்தாழ இறுதி செக்டாரின் (டிஸ்க்கில் எழுதும் மிகச் சிறிய கட்டத்தின்) ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் பயாஸ் மொத்தமாக அழிந்தாலும் தொகுப்பு அழிவதில்லை. விஎம்டியை மீண்டும் இயக்கியதும் தானாகவே திரும்பி வருகிறது. வேறொரு இன்டெல் போர்டுக்கு அந்த இரண்டு டிஸ்க்கையும் மாற்றினாலும் பெரும்பாலும் அப்படியே அடையாளம் காணும்.

இதே காரணத்தால்தான் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் 'ஓகே' அழுத்துவது ஆபத்து. விஎம்டி அணைந்திருக்கும்போது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், தகவலைத் துண்டுகளாக்கிப் பல டிஸ்க்குகளில் பரப்பும் ரெய்டு 0 அல்லது 5 வைத்திருப்பவர்களுக்கு 'இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும், எம்பிஆரா ஜிபிடியா' என்று ஒரு சிறு பெட்டி வரக்கூடும். டிஸ்க்கின் பகுப்பு அட்டவணை எந்த வகை என்று கேட்கும் ஏதோ சம்பிரதாயக் கேள்விபோல அது தெரியும். ஜிபிடி என்று சொல்லி 'ஓகே' கொடுத்தால், பகுப்பு அட்டவணையின் ஒரு நகல் டிஸ்க்கின் தொடக்கத்திலும் மற்றொரு நகல் டிஸ்க்கின் கடைசி 33 செக்டார்களிலும் எழுதப்படும். ரெய்டு விவரம் இருப்பதும் அந்தக் கடைசியில்தான். ஒரே சொடுக்கில் முன்னும் பின்னும் போய்விடும். புகைப்படங்கள் நடுவில் பத்திரமாகவே இருக்கும். ஆனால் அவற்றை எந்த ஒழுங்கில் கோப்பது என்ற குறிப்பு போயிருக்கும். மீட்பு நிபுணரிடம் போகும் பாதி கதைகள் இப்படித் தொடங்கியவைதான்.

உங்களுடையது ரெய்டு 1. ஒவ்வொரு டிஸ்க்கிலும் முழு நகல் இருப்பதால் அந்தப் பெட்டி வராது. ஆனால் இதில் சத்தமில்லாத வேறொரு தொல்லை இருக்கிறது. விஎம்டி அணைந்த நிலையில் விண்டோஸோ பென்டிரைவில் உள்ள பழுதுபார்க்கும் நிரலோ எழுந்திருந்தால், அதற்கு இரண்டு டிஸ்க்குகளும் ஒரே அடையாள எண்ணுடன் தனித்தனியாகத் தெரியும். ஒன்றை மட்டும் இணைத்துக்கொண்டு மற்றொன்றை 'ஆஃப்லைன்' என்று ஒதுக்கிவிடும். இணைத்த டிஸ்க்கில் நீங்கள் எதையும் சேமிக்காவிட்டாலும் விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதும். 'டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறேன்' என்று செக்டிஸ்க்கைத் தானே ஓட்டினால் இன்னும் அதிகமாக எழுதும். இந்த எழுத்தெல்லாம் ரெய்டுக்குத் தெரியாது. பிறகு விஎம்டியை இயக்கினால் தொகுப்பு 'நார்மல்' என்றே காட்டும், ஆனால் இரண்டு நகல்களும் இனி ஒன்றல்ல. ரெய்டு 1 படிக்கும்போது இரண்டு டிஸ்க்கிலிருந்தும் மாற்றி மாற்றிப் படிக்கும். ஒரு கோப்புப் பட்டியல் இதிலிருந்தும் இன்னொன்று அதிலிருந்தும் வந்தால், திறக்காத படங்களும் மாயமான கோப்புறைகளும் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

நீங்கள் பார்த்த நீலத்திரைகள் இதில் சேராது. விண்டோஸ் அந்த டிஸ்க்குகளைத் தொடும் முன்பே நின்றுவிட்டது. நான் அறிய விரும்புவது, விஎம்டியை இயக்கும் முன் பென்டிரைவிலிருந்து 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஓட்டினீர்களா என்பது. ஓட்டவில்லை என்றால் நிம்மதியாக இருங்கள். ஓட்டியிருந்தால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

முதலில் பயாஸுக்குள்ளேயே 'இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். விஎம்டி இயங்கினால்தான் அந்தப் பக்கமே தென்படும். அதில் உங்கள் தொகுப்பின் பெயர், 'ரெய்டு1 மிரர்', 3.6 டெராபைட், 'நார்மல்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். 4 டெராபைட் வாங்கினேன், 3.6 காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு அது. 'டிகிரேடட்' என்று இருந்தால் ஒரு டிஸ்க்கின் கேபிளோ மின்இணைப்போ கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்து மூடியவர்கள் கை பட்டிருக்கலாம். அதே பக்கத்தில் 'டெலீட்' என்றும் 'ரீசெட் டு நான்-ரெய்டு' என்றும் தேர்வுகள் இருக்கும். இரண்டாவது பார்க்கச் சாதுவாக இருக்கிறது, ஏதோ பழைய நிலைக்குத் திருப்புவதுபோல. அது டிஸ்க்கின் கடைசியில் உள்ள ரெய்டு விவரத்தை அழிக்கும். இரண்டையும் தொடாதீர்கள்.

அடுத்து, விண்டோஸ் எழுந்ததும் வேறு எதையும் செய்யும் முன் புகைப்படங்களை வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். அதன் பிறகு, இன்டெல்லின் ஆப்டேன் மெமரி அண்டு ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட் செயலியில் தொகுப்பைச் 'வெரிஃபை' செய்யுங்கள். 'வெரிஃபை அண்டு ரிப்பேர்' வேண்டாம். முதலாவது இரண்டு நகல்களையும் ஒப்பிட்டு வேறுபாடு எத்தனை இடங்களில் என்று மட்டும் சொல்லும். இரண்டாவது ஒரு டிஸ்க்கில் உள்ளதை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். எது நல்ல நகல் என்று அது உங்களைக் கேட்காது. வேறுபாடு பூஜ்யம் என்று வந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால், வெளி டிஸ்க்கில் உள்ள நகலைத் திறந்து சரிபார்த்த பின்னரே ரிப்பேருக்குப் போங்கள்.

விண்டோஸே எழவில்லை, ஆனால் புகைப்படங்கள் உடனே வேண்டும் என்றால், லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்றைப் பயன்படுத்துங்கள். லினக்ஸில் விஎம்டி டிரைவரும் உண்டு, இன்டெல் ரெய்டின் விவரத்தைப் படிக்கத் தெரிந்த எம்டிஏடிஎம் என்ற கருவியும் உண்டு. முக்கியம், படிக்க மட்டும் என்ற முறையில் இணைத்து நகலெடுக்க வேண்டும். சேட்டாவை யுஎஸ்பியாக்கும் சிறு பெட்டியில் ஒரு டிஸ்க்கை வைத்து வேறு விண்டோஸ் கணினியில் செருகுவதும் ரெய்டு 1இல் வேலை செய்யும்தான். ஆனால் விண்டோஸ் எழுதாமல் இருக்காது. பழைய பெட்டிகள் சில 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கின் செக்டார் அளவை மாற்றிக் காட்டி, நல்ல டிஸ்க்கையே 'ரா', அதாவது ஃபார்மேட் செய்யப்படாதது, என்று சொல்லிப் பதறவைக்கும். அவசரத்துக்கு மட்டும், அதுவும் ஒரு டிஸ்க்கை மட்டும்.

எஸ்எஸ்டியில் விண்டோஸை மீண்டும் நிறுவியே ஆக வேண்டிய நிலை வந்தால், நிறுவும் நிரலுக்கு டிரைவரை நீங்கள்தான் ஊட்ட வேண்டும். இதற்கு இன்றும் 'எஃப்6 டிரைவர்' என்றுதான் பெயர். எக்ஸ்பி நிறுவும்போது எஃப்6 விசையை அழுத்திவிட்டு ஃபிளாப்பியைச் செருகிய காலத்தின் மிச்சம். இன்று டிஸ்க் தேர்வுத் திரையில் 'லோட் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கிறது. பலரும் தடுக்கி விழும் இடம் இது: இன்டெல் தளத்திலிருந்து 'செட்டப்ஆர்எஸ்டி' என்ற இஎக்ஸ்இ கோப்பை இறக்கி அப்படியே பென்டிரைவில் போட்டுவிடுகிறார்கள். நிறுவும் நிரலுக்கு இஎக்ஸ்இ தேவையில்லை. ஐஎன்எஃப், சிஸ், கேட் என்று முடியும் தனித்தனிக் கோப்புகள் தேவை. வேறொரு கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து, அந்த இஎக்ஸ்இயின் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும், பிறகு ஒரு கோப்புறையின் பெயரும் தட்டினால் கோப்புகள் பிரிந்து வரும். அதற்குள் விஎம்டிக்கு ஒன்றும் விஎம்டி இல்லாத பழைய முறைக்கு ஒன்றுமாக இரண்டு வகை இருக்கும். ஐஎன்எஃப் கோப்பின் பெயர் 'விடி' என்று முடிவது விஎம்டிக்கானது. 'ஏசி' என்று முடிவது மற்றது. உங்களுக்கு 'விடி' வேண்டும். லோட் டிரைவர் பட்டியலில் உங்கள் செயலிக்கு 'ஆர்எஸ்டி விஎம்டி கன்ட்ரோலர் ஏ77எஃப்' என்பதுபோல் ஒரு வரி வரும். 12ஆம் தலைமுறைக்காரர்களுக்கு '467எஃப்'. அதைத் தேர்ந்ததும் டிஸ்க்குகள் வரிசையாக வந்து நிற்கும். பட்டியலே காலியாக இருந்தால், தவறான தலைமுறைக்கான பழைய பதிப்பை இறக்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

அப்படி நிறுவுவதாக இருந்தால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கின் சேட்டா கேபிள்களையும் அதுவரை கழற்றி வைத்துவிடுங்கள். நள்ளிரவில் தவறான வரியைத் தேர்ந்து 'ஃபார்மேட்' அழுத்துவதற்குப் பெரிய அறியாமை எதுவும் தேவையில்லை, தூக்கம் போதும். நிறுவி முடித்து அணைத்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

ஏஎம்டியில் ரெய்டு வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று: அங்கே ஒன்றுக்குப் பதில் மூன்று டிரைவர்கள். ஆர்சிபாட்டம், ஆர்சிரெய்டு, ஆர்சிசிஎஃப்ஜி, இதே வரிசையில் ஏற்ற வேண்டும். முதலாவதை ஏற்றியதும் டிஸ்க் வராது; கெட்டுப்போன டிரைவர் என்று நினைத்து அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டாவதையும் ஏற்றிப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மறுபாதி, பயாஸைப் பழைய பதிப்புக்கு இறக்குவது. உங்கள் செயலிக்கு அது கூடாது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகள் பலவற்றில் மின்னழுத்தம் அதிகமாகப் போய்ச் செயலியே மெல்லத் தேயும் கோளாறு இருந்ததை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டது. அதற்கான மைக்ரோகோட் (செயலிக்குள் ஏறும் திருத்த நிரல்) பதிப்புகளில் 129 அந்த ஆண்டு ஆகஸ்டிலும், 12பி செப்டம்பரிலும், 12எஃப் 2025 மே மாதத்திலும் வந்தன. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். இந்தத் திருத்தங்கள் உங்களை வந்தடைவது பயாஸ் வழியாகத்தான். அதாவது நீங்கள் புதுப்பித்தது சரியான காரியம். பழையதுக்குப் போவது செயலியை மீண்டும் அந்தத் தேய்மானத்துக்கு ஒப்புக்கொடுப்பது. அதோடு, உங்கள் பிரச்சினை பயாஸ் பதிப்பில் இல்லை, அழிந்துபோன அமைப்பில் இருக்கிறது. பழைய பதிப்பை ஏற்றினாலும் அது மீண்டும் விஎம்டியை அணைத்துவிட்டு அதே நீலத்திரையைத்தான் காட்டும்.

பயாஸ் ஏற்றும்போதே பாதியில் நின்றுவிட்டவர்களின் நிலை வேறு. அதிலும் முதலில் பொறுமை. டிடிஆர்5 நினைவகம் உள்ள போர்டுகள் புதிய பயாஸுடன் முதல் முறை எழும்போது நினைவகத்தைப் பழக்கப்படுத்திக்கொள்ளப் பல நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாக இருக்கும், விசிறிகள் சுற்றும், ஓரிரு முறை தானே அணைந்து எழும். செத்துவிட்டது என்று நினைத்து மின்சாரத்தைத் துண்டிப்பவர்கள் நிறைய. கால் மணி நேரம் விட்டுவைத்துப் பாருங்கள். அதற்கும் எழவில்லை என்றால், போர்டின் பின்பக்கம் 'ஃபிளாஷ்பேக்' அல்லது 'ஃபிளாஷ் பயாஸ்' அல்லது 'க்யூ-ஃபிளாஷ் பிளஸ்' என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிழைத்தீர்கள். செயலியும் நினைவகமும் இல்லாமலேயே, மின்இணைப்பும் ஒரு பென்டிரைவும் மட்டும் இருந்தால் அது பயாஸை எழுதும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருக வேண்டும், கோப்பின் பெயர் நிறுவனம் சொன்னபடி இம்மி பிசகாமல் இருக்க வேண்டும். எம்எஸ்ஐ போர்டுகளுக்கு 'எம்எஸ்ஐ.ஆர்ஓஎம்', ஜிகாபைட்டுக்கு 'ஜிகாபைட்.பின்', ஏசுஸ் தன் கோப்புடனேயே பெயர் மாற்றும் சிறு நிரல் ஒன்றைத் தருகிறது. விண்டோஸ் கோப்பு நீட்சிகளை மறைத்து வைத்திருந்தால், நீங்கள் மாற்றிய பெயருக்குப் பின்னால் இன்னொரு நீட்சி ஒட்டிக்கொண்டிருக்கலாம். விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு நின்றுபோகிறது என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அந்தப் பொத்தானும் இல்லாத போர்டு என்றால் சிப்பை நேரடியாக எழுத வேண்டும். சென்னையில் ரிச்சி தெரு மாதிரி இடங்களில் இதைச் செய்பவர்கள் உண்டு. கருவியும் விலை அதிகமில்லை. யாரிடம் கொடுத்தாலும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். எழுதும் முன் சிப்பில் இப்போது இருப்பதைப் படித்து ஒரு கோப்பாக எடுத்துவைக்க வேண்டும். போர்டின் வரிசை எண், நெட்வொர்க் முகவரி போன்றவை அதில்தான் இருக்கும். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று அதன் மேல் உள்ள எழுத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மலிவான கருவிகள் 1.8 வோல்ட் சிப்பைக் கருக்கிவிடலாம்.

உங்கள் விஷயத்துக்கே வருகிறேன். விண்டோஸ் எழுந்து, நகலும் எடுத்த பிறகு, இந்த விஎம்டி சமாச்சாரமே வேண்டாம் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை மிரர் செய்வதற்காக எஸ்எஸ்டியையும் சேர்த்து விஎம்டியின் கீழ் தள்ளியது, அமைத்துக் கொடுத்தவரின் சோம்பல். மாற்ற விரும்பினால் மீண்டும் நிறுவத் தேவையில்லை. பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட், மினிமல் என்று குறியிட்டுவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். எழும் முன் பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டிக்கான வரியை மட்டும் விஎம்டியிலிருந்து வெளியே எடுத்து, சேட்டாவை உள்ளேயே விடுங்கள். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் அடிப்படை டிரைவர்கள் எல்லாவற்றையும் முயன்று பார்க்கும்; என்விஎம்இ டிரைவர் மீண்டும் உயிர்பெறும். அதன் பிறகு சேஃப் பூட் குறியை எடுத்துவிட்டு வழக்கம்போல் எழலாம். அடுத்த முறை பயாஸ் புதுப்பித்தால் விண்டோஸ் எப்படியும் எழுந்துவிடும்; ஆனால் விஎம்டி அணைந்திருப்பதால் புகைப்பட டிஸ்க்குகள் தனித்தனியாகத் தெரியும், நான் மேலே சொன்ன நகல் வேறுபாட்டுத் தொல்லை வாசலில் காத்திருக்கும். ஆகவே பயாஸ் ஏற்றும் முன் கணினியை அணைத்து அந்த இரண்டு கேபிள்களையும் கழற்றிவிட்டு, பயாஸ் ஏற்றி, விஎம்டியைச் சரிசெய்த பிறகு மாட்டுங்கள். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதும் ஐந்து நிமிட வேலைதான். யுபிஎஸ் இல்லாமல் பயாஸைத் தொடக்கூடாது என்பதை நம் ஊர் மின்சாரத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மிரர் என்பது ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமலிருக்க மட்டும்தான் உதவும். தவறுதலாக அழித்த கோப்புறை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ஊராருடைய கல்யாணப் படங்களை வைத்திருப்பவர் நீங்கள். கணினிக்கு வெளியே மூன்றாவது நகல் ஒன்று வேண்டும்.

பென்டிரைவை எடுத்துவிட்டு இயக்கியதும் என்ன வருகிறது என்று எழுதுங்கள். நீலத்திரையே மீண்டும் வந்தால், விஎம்டி பக்கத்தின் படமும், பயாஸில் உள்ள ரேபிட் ஸ்டோரேஜ் பக்கத்தின் படமும் எனக்குப் போதும். அந்தப் பக்கத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் 'நான்-ரெய்டு' என்ற தலைப்பின் கீழ் நின்றால் மட்டும் வேறு எதையும் அழுத்தாமல் கணினியை அணைத்துவிட்டு எழுதுங்கள்.